மேடையில் நான் நடந்த எட்டு அடி

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு முதலியார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். முப்பது வருஷமாக நாடகங்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தேன் என்கிறீர்களே, ஒரு தடவையாவது மேடை ஏறியதுண்டா என்று.

உண்டம்மா. ஒரே ஒரு தடவை. எட்டு அடி நடந்தேன். அதை மட்டும் எழுதக்கூடாது என்று இந்தத் தொடரை ஆரம்பிக்கும்போதே நினைத்திருந்தேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய பள்ளிக்கூட அரங்கம். மரப்பலகைத் தரை. மேடையின் இடது பக்கத் திரைக்குப் பின்னால் நாடகப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். மேடையில் என் தம்பி தனசேகர், ஒரு ஐரிஷ் கிழவனின் வேஷத்தில், பீங்கான் கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பேசவில்லை. பேசக்கூடாத இடம் அது.

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய வலது கைக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கோப்பையின் காதைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கும் அவனுக்கும் அப்படித்தான் பேச்சு.

விரல் அசையவில்லை.

மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். முப்பது. நாற்பது. அறுபது. என் உள்ளங்கை வேர்வையில் பிரதியின் ஓரம் ஊறிப்போனது. ஒருவேளை அசைந்து, எனக்குத்தான் தெரியவில்லையோ என்று கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இல்லை. ஆணி அடித்தாற்போல நின்றிருந்தது.

கழுதைக்காகப் பேசாமல் இருந்தவன்

எதற்கு இந்த விரல் கணக்கு என்று புரிய, நாடகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் இயக்குநர் எத்தியேன். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். பாதிக் குடும்பம் அங்கே, பாதி இங்கே. பிரான்சுக்குப் போயிருந்தபோது ஏதோ ஒரு சின்ன அரங்கத்தில் இந்த ஐரிஷ் நாடகத்தைப் பார்த்துவிட்டு, பைத்தியம் பிடித்தாற்போலத் திரும்பி வந்தான். முறையாக அனுமதி வாங்கித் தமிழில் எழுதினான். முதலில் எழுதிய ஐரிஷ்காரர் பெயர் கடைசிவரை எனக்கு வாயில் நுழையவில்லை.

கதை இதுதான். அயர்லாந்தில் ஒரு கிராமம். ஒரே வீட்டில் வயசான ஓர் அக்கா, ஒரு தம்பி. அப்பா வளர்த்த கழுதையை, தம்பியைக் கேட்காமல் அக்கா யாருக்கோ கொடுத்துவிட்டாள். அதிலிருந்து பதினோரு வருஷமாகத் தம்பி அவளோடு பேசுவதில்லை. அவள் பேசிக்கொண்டே இருப்பாள், சமைப்பாள், திட்டுவாள். அவன் உம் என்றுகூடச் சொல்ல மாட்டான். கடைசியில் ஒரு நாள் அக்கா டீ கொண்டு வந்து வைத்துவிட்டு வாசல் கதவோரம் போய் நிற்பாள். அவன் கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். நாலு நிமிஷம். யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அப்புறம் அவன் சொல்வான்: "கதவ சாத்து. குளிருது."

அவ்வளவுதான் நாடகம். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் வருகிற முதல் பேச்சு.

படிக்கும்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இதற்கா இத்தனை பாடு என்று எத்தியேனிடம் கேட்டேவிட்டேன். அவன் சிரித்தான். "நீங்க பாருங்க இந்திராக்கா, ஜனங்க அழுவாங்க" என்றான்.

விழுப்புரத்தில் நான் செய்த காரியம்

எங்கள் ஆட்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். தனா தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறையில். நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில். ஒத்திகைக்குக் கிடைப்பது வேலை விட்டபிறகு ஒன்றரை மணி நேரம். அதில் நாலு நிமிஷத்தைச் சும்மா உட்கார்ந்து கழிக்க யாருக்கும் மனசு வராது. "இங்க மௌனம், மேல போலாம்" என்று எத்தியேனே தாண்டிப் போய்விடுவான். பிரதியிலும் அந்த இடத்தில் மௌனம் என்ற ஒரே சொல்தான்.

அதனால் விழுப்புரத்தில் முதல் காட்சியன்றுதான் நிஜமான நாலு நிமிஷத்தை நான் முதன்முதலாகச் சந்தித்தேன்.

நாங்கள் பழகிய நாடகத்தில் யாராவது பேசாமல் நின்றால், வசனம் மறந்துவிட்டது என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. ஒரு நொடி போனால் நான் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பேன். முழு வரியையும் கொடுக்கக்கூடாது. முதல் வார்த்தை மட்டும் போதும், மிச்சத்தை நடிகன் பிடித்துக்கொள்வான். குரல் அவன் காதுக்குப் போக வேண்டும், முதல் வரிசைக்குப் போகக்கூடாது. இதுதான் என் தொழில். இதில் நான் கொஞ்சம் கர்வக்காரிதான்.

விழுப்புரத்தில் ஒரு நிமிஷம் வரை பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது நிமிஷம் நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. "கதவ" என்றேன். தனா திரும்பவில்லை. கொஞ்சம் உரக்க "கதவ சாத்து" என்றேன். முதல் மூன்று வரிசைக்கும் கேட்டுவிட்டது. கூட்டத்தில் ஒருவர் நிஜமாகவே எழுந்துபோய் அரங்கத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

எத்தியேன் அன்றைக்கு என்னோடு பேசவே இல்லை. மறுநாள் வந்து சொன்னான்: "அக்கா, கைகூப்பிக் கேட்டுக்கறேன். அந்த எடத்துல வானமே இடிஞ்சி விழுந்தாலும் நீங்க வாயத் தொறக்கக்கூடாது."

கடலூரிலும் சிதம்பரத்திலும் நான் வாயைத் திறக்கவில்லை. எத்தியேன் சொன்னது நிஜம்தான். ஜனங்கள் அழுதார்கள். அந்த ஊரில் விறகுக்குப் பதிலாக எரிக்கிற மண்கட்டி என்று தெர்மாகோலில் நாங்கள் பெயிண்ட் அடித்து வைத்ததும், நாங்கள் யாருமே பார்க்காத குளிரும் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவரவர் வீட்டில் யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்களோ, யார் கண்டது.

தனாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயசு. அதுவரை போலீஸ்காரன், தபால்காரன், பெண்ணுக்கு மாமா, இப்படித்தான் வேஷம் கிடைக்கும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பட்டறைக்கு மேலேயே ஓர் அறையில் தங்கியிருந்தான். அவனுக்கு வாய்த்த முதல் பெரிய வேஷம் இது. "நம்மூர்ல ஒரு தரம் பண்ணிட்டேன்னா போதும்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

சிதம்பரத்துக்கு அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முத்தியால்பேட்டையில் என் வீட்டில் வஞ்சிரம் குழம்பு. தனா வந்திருந்தான். இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். "யக்கா, இன்னும் கொஞ்சம்" என்று ஆரம்பித்தவன், அதோடு நிறுத்திவிட்டான்.

என்னைப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. பேச்சு வரவில்லை.

மௌனக் காட்சியை ஒத்திகை பார்க்கிறான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, திட்டவே செய்தேன். "சோத்துத் தட்டுல இன்னாடா நடிப்பு? சாப்புடு." அவன் வலது கையிலிருந்த சோறு மடியில் கொட்டியது. அதை அவன் கவனிக்கவே இல்லை. அவன் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்தபிறகுதான் என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. எத்தனை நேரம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்பதை இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆட்டோவில் போகும்போதே பேச்சு திரும்பிவிட்டது. "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கா" என்றான். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டு விலகியிருக்கிறது, இது ஒரு எச்சரிக்கை என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வாய் கோணுதா, கை தூக்க முடியுதா, பேச்சு வருதா. இந்த மூணுல ஒண்ணு தப்புனாலும் ஒரு நிமிஷம்கூட வீணாக்காம தூக்கிட்டு வாங்க" என்றார், என்னைப் பார்த்து.

வெளியே வந்ததும் தனா என் கையைப் பிடித்துக்கொண்டான். "எத்தியேன்கிட்ட சொல்லாதக்கா. சொன்னா வேஷத்தப் புடுங்கிடுவான்."

"உசுரு போனா வேஷத்த வெச்சி இன்னாடா பண்ணுவ?"

"நம்மூர் காட்சி ஒண்ணு முடியட்டும். அப்புறம் நானே சொல்லிடறேன்."

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு முடியவில்லை. "அந்த நாலு நிமிஷத்துல உனக்குப் பேச்சு நின்னுபோனா எனக்கு எப்பிடிடா தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

கட்டைவிரல் யோசனை அவனுடையதுதான். "கோப்பையோட காத தேச்சிக்கிட்டே இருக்கேன். வெரலு ஓடுற வரைக்கும் நான் நல்லா இருக்கேன்னு வெச்சிக்க. நின்னுபோச்சுன்னா நீ வந்துடு. யாரையும் கேக்காத."

எட்டு அடி

இப்போது மேடைக்கு வருகிறேன்.

எண்பது எண்ணிவிட்டேன். வானம் இடிந்து விழுந்தாலும் என்று எத்தியேன் சொன்னது ஒரு காதில். ஒரு நிமிஷம்கூட என்று டாக்டர் சொன்னது இன்னொரு காதில். எதிரே முந்நூறு பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் வரிசையில் தனாவின் பட்டறை ஆட்கள், முதலாளி உட்பட, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு மின்விசிறி மட்டும் கிரீச் கிரீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது.

நூறு. விரல் அசையவில்லை.

பிரதியைக் கீழே வைத்தேன். நடந்தேன். பலகை ஒவ்வோர் அடிக்கும் சத்தம் போட்டது. வெளிச்சம் இத்தனை சுடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவன் முன்னால் குனிந்து கன்னத்தைத் தொட்டு, "தனா, பேசுடா. உம்பேரு சொல்லு" என்றேன்.

அவன் தலையைத் தூக்கினான். கண் தெளிவாக இருந்தது. வாய் கோணவில்லை. "போயிடுக்கா" என்றான், உதடு அசையாமல். "போயிடு."

அக்கா வேஷம் போட்ட பெண் கதவோரத்திலிருந்து வந்து, யாரோ பக்கத்து வீட்டுக்காரியை அழைத்துப் போவதுபோல என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். பின்னாலிருந்து தனா வசனத்தைச் சொன்னான். "கதவ சாத்து. குளிருது." அரங்கம் சிரித்தது. வேறெந்த ஊரிலும் அந்த இடத்தில் யாரும் சிரித்ததில்லை.

விஷயம் இதுதான். அன்று மத்தியானம் சாயங்காலத்துக்கு ரொட்டி வாங்க நான் வெளியே போயிருந்தபோது, விளக்கு சரிபார்த்த எத்தியேன் தனாவிடம் சொல்லியிருக்கிறான்: இந்த வெளிச்சத்தில் உங்கள் விரல் ஆடுவது மட்டும்தான் தெரிகிறது, கையை அசைக்காதீர்கள். தனாவும் சரி என்றிருக்கிறான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன், ஒப்பனை அறையில்.

"சொன்னா நீ வுட்டிருப்பியா?"

"வுட்டிருக்க மாட்டேன்."

"அதான்" என்றான். பொய்த்தாடியைப் பிய்த்து மேஜைமேல் போட்டான். "பயந்தாங்கொள்ளி. நீ பயந்து என்னைக் கெடுத்துட்ட."

எத்தியேன் கேட்டான், எதற்காக அக்கா அப்படி வந்தீர்கள் என்று. நான் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, டாக்டர், விரல், எல்லாம். சொல்லி முடிக்கும்போது தனா அறையில் இல்லை. காரைக்காலிலும் தஞ்சாவூரிலும் வேறு ஒருவர் அந்த வேஷத்தைப் போட்டார்.

அதோடு தனா என்னோடு பேசுவதை நிறுத்தினான். போன் பண்ணினால் எடுக்க மாட்டான். பட்டறைக்குப் போனால் லேத்தை ஓட விட்டுவிட்டு அதன் இரைச்சலில் நிற்பான். மாத்திரை போடுகிறானா என்று முதலாளியைத்தான் கேட்பேன். "போட்றாரும்மா, நான் பாத்துக்கறேன்" என்பார். அந்த நாட்களில் செல்போனைக் கீழே வைக்கவே மாட்டேன். குளிக்கப் போகும்போதுகூடக் கையோடு கொண்டுபோனேன்.

எடுத்துக் கொடுக்காத வார்த்தை

ஒன்றரை மாசம் இருக்கும். கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறக்கிறேன், போன் அடிக்கிறது. தனாவின் பெயர்.

"அலோ" என்றேன். பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

முதலில் வந்தது சந்தோஷம்தான், என்னத்தைச் சொல்ல. பேச வந்துவிட்டான், ஆரம்பிக்கத் தெரியவில்லை, வீம்பு என்று நினைத்தேன். அவசரப்படக்கூடாது, முந்திக்கொள்ளக்கூடாது, அவனே பேசட்டும். மறுபடி மேடையேறி அவனைக் கெடுத்துவிடக்கூடாது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். ஐந்து எண்ணும்போது ஞாயிற்றுக்கிழமை மடியில் கொட்டிய சோறு கண்ணில் வந்தது.

"தனா. பேச முடியலயா? முடியலன்னா போன தட்டு."

டொக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

அவன் இணைப்பை நான் துண்டிக்கவில்லை. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் போனைப் பிடுங்கிப் பட்டறை முதலாளியைக் கூப்பிட்டேன். "மாடிக்கு ஓடுங்க. கதவ ஒடைங்க." இந்தக் காதில் அவர் படியேறும் சத்தம். அந்தக் காதில் தனாவின் மூச்சு. "தோ வந்துட்டாங்கடா, தோ வந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கதவு உடைகிற சத்தம் இரண்டு காதிலும் கேட்டது.

நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். உயிர் தங்கியது. கால் தேறிவிட்டது. வலது கை பாதி. பேச்சுதான் போய்விட்டது.

இப்போது என் வீட்டில்தான் இருக்கிறான். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு சின்னப் பெண் வருகிறாள். ஆரம்பத்தில், "முதல் எழுத்த நீங்க சொல்லுங்கம்மா, மிச்சத்த அவர் பிடிச்சுப்பார்" என்றாள். இதைத்தானே முப்பது வருஷமாகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். "தண்" என்றால் "ணி" என்பான். "இட்" என்றால் "லி". என்னைவிட யார் ஒழுங்காக எடுத்துக் கொடுத்துவிட முடியும்? ஆனால் இரண்டு மாசம் கழித்து அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள்: "இனிமே குடுக்காதீங்கம்மா. எவ்ளோ நேரம் ஆனாலும் அவரே தேடட்டும்."

அவளுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவன் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் உயிர் போகிறது. தேடுகிறானா, மறுபடி அடைத்துக்கொண்டதா? எனக்கு எப்படித் தெரியும்?

போன செவ்வாய்க்கிழமை காலை. டீ கொடுத்தேன். டம்ளரை இடது கையால் பிடித்துக்கொண்டான். என்னைப் பார்த்தான், வாய் திறந்தது, நின்றுவிட்டது. சர்க்கரை வேண்டுமோ என்று டப்பாவை நகர்த்தினேன். தலையாட்டினான், அது இல்லை. எண்ண ஆரம்பித்தேன். இருபது. நாற்பது. எழுந்து நின்றுவிட்டேன். ஆட்டோக்காரர் எண் போனில் முதலாவதாக இருக்கிறது, அதன்மேல் விரலை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். அவனுடைய இடது கைக் கட்டைவிரல் டம்ளரின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மெதுவாக, நிற்காமல்.

உட்கார்ந்தேன். எண்ணுவதை விட்டுவிட்டேன். வாசலில் மீன்காரம்மா கூவிக்கொண்டு வந்து, நின்று பார்த்துவிட்டுப் போனாள். டீயில் ஆடை கட்டியது.

"யக்கா" என்றான். "ப… பயந்துட்டியா."

"ஆமாண்டா" என்றேன். "ரொம்ப பயந்துட்டேன்."